காற்றுக்குக் குரல் கொடுப்பவை

‘காற்று வீசியது’ என்று ஒரு சிறுகதையின் தொடக்கத்தில் எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, மீண்டும் அடித்த நாள் ஒன்று உண்டு. அந்த இரண்டு சொற்களில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவற்றைப் படித்தபோது என் மேலேயே எந்தக் காற்றும் படவில்லை. மெல்லிய, பலத்த, குளிர்ந்த என்று அடைமொழிகளை மாற்றி மாற்றி வைத்தும் பயனில்லை. கடைசியில் அந்த வரியை முழுவதுமாக நீக்கிவிட்டு, மேசைமேல் திறந்து கிடந்த கணக்குப் புத்தகத்தின் தாள்கள் தாமாகவே புரண்டு, அதை எழுதியவர் மறைக்க விரும்பிய பக்கத்தில் வந்து நின்றன என்று எழுதினேன். அப்போதுதான் அந்த அறைக்குள் காற்று நுழைந்தது, கதையும் நகர்ந்தது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணிக் கொஞ்சம் பெருமைப்பட்டதும் உண்மை. பிறகு நெடுநல்வாடையைத் திரும்பப் படித்தேன். 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டின் பெயரிலேயே வடகாற்று இருக்கிறது. பாசறையில் எரியும் விளக்குகளின் சுடர்கள், வாடை மோதும்போதெல்லாம் அசைந்து தெற்கு நோக்கித் தலை சாய்கின்றன என்கிறார் நக்கீரர். காற்றின் திசை, வேகம், குளிர் ஆகிய மூன்றையும் ஒரு சுடரின் சாய்வில் சொல்லிவிட முடிகிறது. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை எனத் தனித்தனிப் பெயர்கள் இருப்பதால், கவிதைக்குள் காற்று ஒரு பாத்திரமாகவே நுழைகிறது. வாடை என்ற சொல் வந்தவுடன் பிரிவும் வந்துவிடும். கவிஞர் அதற்குத் தனியாகக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இசையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அகநானூற்றின் 82ஆம் பாட்டில், அசையும் மூங்கிலின் துளைகளில் நுழையும் கோடைக்காற்று குழலிசையாகிறது. அருவி முழவாகிறது, வண்டின் ஒலி யாழாகிறது, மந்திகள் அவையினராக வியந்து பார்க்க மயில் ஆடுகிறது. கபிலர் அமைத்த இந்தக் கச்சேரியில் காற்று தானாகப் பாடவில்லை, மூங்கிலின் துளையே அதற்குக் குரல் கொடுக்கிறது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் இதே செய்தியை இயற்பியல் எண்களில் சொன்னது. 1878இல் வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் என்ற செக் அறிஞர், கம்பியைக் கடக்கும் காற்று எழுப்பும் ஒலி, காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது என்று காட்டினார். கம்பிக்குப் பின்னால் காற்று இடமும் வலமும் மாறி மாறிச் சுழிகளாகப் பிரிவதே அந்த ஒலிக்குக் காரணம். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை வினாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று கடந்தால் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1000 அதிர்வுகள் கொண்ட ஒலி பிறக்கும். வேகம் இரட்டித்தால் ஒலி ஒரு ஸ்தாயி மேலேறும், தடிமன் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி கீழிறங்கும். 1650இல் ஜெர்மன் அறிஞர் அத்தனேசியஸ் கிர்ச்சர் விவரித்த காற்று யாழுக்கு வாசிப்பவர் தேவையில்லை. அதைச் சன்னலில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டியதுதான். அதன் தந்திகள் அனைத்தையும் பெரும்பாலும் ஒரே சுருதியில் கட்டுவார்கள். ஆனால் தடிமன்கள் வேறுபடுவதால் ஒவ்வொரு தந்தியும் அடிப்படைச் சுரத்துக்கு மேலே ஒலிக்கும் வெவ்வேறு மேற்சுரங்களை எழுப்ப, யாரும் இயற்றாத ஒரு பண் தோன்றி, வளர்ந்து, பாதியில் நின்றுவிடுகிறது.

எழுத்துப் பழகுபவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் நூல் எதுவும் இல்லை, ஒரு பட்டியல்தான் உண்டு. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுகோல் 0 முதல் 12 வரை செல்கிறது. நிலத்துக்கான குறிப்புகள் பிற்காலத்தில் சேர்ந்தவை. 0 என்றால் புகை நேராக எழும். 1 என்றால் புகை சாயும், ஆனால் காற்றுத்திசைகாட்டி திரும்பாது. 2 என்றால் முகத்தில் காற்று தெரியும், இலைகள் சலசலக்கும். 6இல் பெரிய கிளைகள் அசையும், தந்திச் செய்தி அனுப்பும் கம்பிகள் சீழ்க்கையடிக்கும், குடை பிடிப்பது பெரும்பாடாகும். அலுவல் நோக்கத்துக்காக எழுதிய இந்த வரிகளில் ஓர் அடைமொழிகூட வீணாகவில்லை. பல கவிதைகளைவிட எனக்கு இவை பிடிக்கும்.

கண்களை மூடி அமரும் வேளைகளில் நான் அந்த அளவுகோலின் 2ஐத்தான் எதிர்பார்க்கிறேன். அகன்ற இலைகள் படபடக்கும், ஊசியிலைகள் மெலிந்தவை என்பதால் உயர்ந்த சுருதியில் இரையும், கதவிடுக்கு முனகும். எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது தொல்காப்பியம் ‘உந்தி முதலா முந்துவளி’, அதாவது கொப்பூழிலிருந்து எழும் காற்று, என்று தொடங்குகிறது. வெளியே மரத்தை அசைப்பதும் உள்ளே சொல்லை எழுப்புவதும் அந்தப் பழைய சொல்லில் ஒரே வளிதான். ஒலிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு ஒதுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மூச்சும் அந்த வரிசையில் வந்து நிற்கும்.

ஒன்று மட்டும் அகப்படவில்லை. காற்று அடங்கும் நேரத்தில், மூன்று நான்கு வினாடிகள், ஏதோ ஒரு திறந்த குழாயின் வாயை யாரோ ஊதுவதுபோல ஒரு தாழ்ந்த ஓசை எழுகிறது. எழுந்து சென்று பார்த்தால் அதற்குள் நின்றுவிடுகிறது. அடுத்த கதையின் முதல் பத்தியில் அந்த ஓசையைக் கேட்கும் ஒருவரை நிற்க வைத்திருக்கிறேன். அவரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.