அப்பாவின் வயிற்றுக் கிருமி: ஸ்கோப்பிலிருந்து மறுபரிசோதனை வரை

நீடாமங்கலம் பக்கம் வயிறு எரிந்தால் முதலில் போவது மெடிக்கலுக்குத்தான். ஒரு கேஸ் மாத்திரை, கூடவே ஒரு பாட்டில் ஜெல். அப்பாவும் பல வருடம் இப்படித்தான் ஓட்டினார். குறுவை நடவு சமயத்தில் வரப்பில் நடக்கவே மூச்சு வாங்கியது. ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் குறைவு, காரணம் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இந்த வயது ஆணுக்கு அப்படி இருந்தால் ரத்தம் எங்காவது கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். தஞ்சாவூரில் இரைப்பை, பெருங்குடல் இரண்டுக்கும் ஸ்கோப், அதாவது கேமரா வைத்த குழாய், போட்டார்கள்.

பெருங்குடலில் ஒன்றுமில்லை. இரைப்பையில் புண் இல்லை, ஆனால் சுவர் சிவந்து வீங்கியிருந்தது. கிள்ளி எடுத்த துணுக்கை மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது ரோஸ் நிறமானது. அப்படியென்றால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, அந்தப் போர்வைக்குள் அமிலத்தில் பிழைத்துக்கொள்கிறது. ஜெல் நிறம் மாறியதும் அதே அம்மோனியாவால்தான்.

எங்களைக் கலக்கியது பயாப்சி ரிப்போர்ட், அதாவது இரைப்பைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்த முடிவு. அதில் 'லிம்ஃபாய்ட் ஃபாலிக்கிள்' என்று இருந்தது. தம்பி போனில் தேடிவிட்டு, "அக்கா, இது லிம்ஃபோமாங்கிற புற்றுநோயா?" என்று கேட்டான். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். லிம்ஃபாய்ட் என்றால் நிணத்திசு, வெள்ளணுக்கள் கூடியிருக்கும் திசு. நல்ல இரைப்பையில் அது ஏறக்குறைய இருக்காதாம். கிருமி நுழைந்த பிறகுதான் வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன. அவற்றில் டி செல்கள் என்ற வகை மற்ற அணுக்களை அழைக்கிறது, பி செல்கள் என்ற வகை கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. அந்தக் கூட்டம்தான் ஃபாலிக்கிள், அது புற்றுநோய் அல்ல. ஆனால் கிருமி சளிப்படலத்துக்குள் பதுங்கியிருப்பதால், உடம்பு எவ்வளவு சண்டை போட்டாலும் பெரும்பாலும் அது தானாகப் போவதில்லை. வருடக்கணக்காக நீளும் அந்தச் சண்டையில் இரைப்பைச் சுவரே சேதமாகிறது. அப்பா உடனே, "எலியைப் பிடிக்கிறேன்னு வரப்பை வெட்டிப் போட்ட கதையா?" என்றார். டாக்டர் ஆமாம் என்றார்.

1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுக் காரணியாக அறிவித்துவிட்டது. தொற்று உள்ள பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை என்பதும் உண்மை. அரிதாக அந்த பி செல்கள் கட்டுமீறிப் பெருகி 'மால்ட் லிம்ஃபோமா' ஆகும். ஆரம்ப நிலையில் அதுகூட, கிருமியை ஒழித்தாலே பலருக்குச் சுருங்கிவிடுகிறது. இதைக் கேட்டதும்தான் அம்மாவுக்கு உயிர் வந்தது.

14 நாள் மருந்து. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். நம் நாட்டில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமி அதிகம் என்பதால் இந்தக் கூட்டு. வாயெல்லாம் இரும்பு நக்கியது மாதிரி இருக்கிறது என்று அப்பா கஞ்சியைக்கூடத் தள்ளிவைத்தார். டெட்ராசைக்ளினோடு பாலும் இரும்பு மாத்திரையும் சேரக்கூடாது, அதனால் இரும்பு மாத்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிஸ்மத்தால் மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தார் மாதிரி ஒட்டி, நாற்றமும் தலைசுற்றலும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எரிச்சல் நின்றதும் அப்பா, "சரியாப் போச்சும்மா, இன்னும் என்ன டெஸ்டு?" என்றார். நான் விடவில்லை. எரிச்சல் நின்றதாலேயே கிருமி போனதாக அர்த்தமில்லை. ஒரு லேபில் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம் என்றார்கள். அது ஆன்டிபாடியைப் பார்க்கும் டெஸ்ட். கிருமி செத்த பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். அதை வைத்துக் குணமானதா என்று சொல்லவே முடியாது. மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் கிருமியின் ஆன்டிஜென், அதாவது கிருமியின் சொந்தப் புரதம், இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைதான் சரி. அதுவும் ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து. பரிசோதனைக்கு முன் 2 வாரம் அமில மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். நடுவில் எரிச்சல் வந்தபோது, டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாதாரண ஜெல் மட்டும் கொடுத்தேன்.

மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இரும்பு மாத்திரை ஆரம்பித்து ஹீமோகுளோபின் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்புறம், அம்மாவுக்கும் ரொம்ப நாளாகப் புளித்த ஏப்பம். ஒரே வீட்டில் பரவக்கூடிய கிருமி என்பதால் அவருக்கும் அதே பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய அமில மாத்திரையை நேற்றிலிருந்து நிறுத்தியிருக்கிறோம்.