அட்டைப்பெட்டியில் ஒரு பஃபின் குஞ்சு

ஆகஸ்ட் கடைசி வாரம், இரவு பதினொன்றே கால் மணி. ஐஸ்லாந்தின் ஹெய்மாய் தீவுத் துறைமுகத்தில் மீன் ஆலைக்குப் பின்பக்கம், அடுக்கி வைத்த பெட்டிகளின் இடுக்குகளில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தோம். நான், என் ஒன்பது வயது மகள், நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் பேரன்கள் இருவர். தெருவில் கார்கள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு குழந்தை முகம். பள்ளிக்கூடம் திறந்துவிட்ட சமயம்தான். ஆனாலும் அந்த ஊரில் அந்த வாரங்களில் எந்தப் பிள்ளையையும் யாரும் தூங்கப் போகச் சொல்வதில்லை.

தேடியது பஃபின் என்கிற கடல்பறவையின் குஞ்சுகளை.

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு எதிரே இருக்கிற வெஸ்ட்மன் தீவுகளில் மக்கள் குடியிருப்பது ஹெய்மாயில் மட்டும்தான். பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர். தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து தென்கரை வழியாக இரண்டு மணி நேரம் காரில் வந்து, அப்புறம் நாற்பது நிமிடம் படகுப் பயணம். படகு தீவை நெருங்கும்போது முதலில் தெரிவது செங்குத்துப் பாறைகளும் அவற்றின் தலையில் பச்சைப் புல்லும்தான். ஏறவே முடியாது என்று தோன்றும் பக்கத்துத் தீவுகளின் சரிவுகளில்கூட ஆடுகள் மேய்கின்றன. கோடையில் படகில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார்களாம்.

அந்தப் புல்மேட்டுக்குள்தான் பஃபின்களின் வளைகள். உலகத்தின் அட்லாண்டிக் பஃபின்களில் பாதிக்கு மேல் ஐஸ்லாந்தில்தான் குஞ்சு பொரிக்கின்றன. அதில் மிகப் பெரிய கூட்டம் இந்தத் தீவுகளில். புறா அளவுப் பறவை, ஆனால் உடம்பு கட்டையாகக் குண்டாக இருக்கும். குளிர்காலம் முழுக்க நடுக்கடலில் கழித்துவிட்டு ஏப்ரல் வாக்கில் கரைக்கு வருகிறது, பெரும்பாலும் போன வருடத்து அதே வளைக்கு. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. இருட்டு வளைக்குள் ஆறு வாரம்போல் மீன் தின்று வளர்கிற குஞ்சு, ஒருநாள் இரவு தாய் தகப்பன் துணையில்லாமல் தனியாக வெளியே வருகிறது. வெளிச்சம் தெரிகிற பக்கம் கடல் என்பதுதான் அதற்குத் தெரிந்த வழி. நிலா வெளிச்சம் தண்ணீரில் விழுந்த காலமெல்லாம் அது சரியாகவே இருந்தது. இப்போது ஊர் விளக்குகள் அதைவிடப் பிரகாசம். குஞ்சு தெருவில் வந்து விழுகிறது. சமதரையிலிருந்து அதனால் எழும்பிப் பறக்க முடிவதில்லை. விடிவதற்குள் யாரும் எடுக்காவிட்டால் பூனையோ கார்ச் சக்கரமோதான்.

சின்னப் பேரன்தான் முதலில் பார்த்தான். "பிஸ்யா!" என்று கத்தினான். குஞ்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. சாம்பல் முகம், கறுத்த அலகு. படங்களில் பார்க்கிற ஆரஞ்சு வண்ணம் எதுவும் இன்னும் வரவில்லை. அவன் இரண்டு கையாலும் சிறகை உடம்போடு சேர்த்துப் பிடித்து என் மகளிடம் நீட்டினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினாள். "அப்பா, நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்குது" என்றாள். அட்டைப்பெட்டியில் இறக்கி மூடினோம். உள்ளே நகங்கள் கீறுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை ஊர் நீச்சல் குளத்துக்குப் போனேன். ஐஸ்லாந்தில் ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம். உடை களைந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் குளத்தில் இறங்கலாம். அதில் யாருக்கும் விலக்கில்லை. வெந்நீர்த் தொட்டியில் மீனவர், டீச்சர், தாத்தா என்று எல்லோரும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பிரதமரானாலும் அப்படித்தான். அன்று பேச்சு முழுக்கக் குஞ்சுகள். நேற்று எத்தனை கிடைத்தது, எடை எவ்வளவு?

எடைக்குக் காரணம் இருக்கிறது. 2000களின் நடுவிலிருந்து இந்தக் கடலில் மணல் விலாங்கு என்கிற சின்ன மீன் குறைந்துபோனது. பஃபின்களுக்கு முக்கியமான தீனி அது. பல வருடங்கள் குஞ்சுகள் வளையிலேயே பட்டினியால் செத்தன. 2003 முதல் இங்கே கிடைக்கிற குஞ்சுகளை எடை போட்டுப் பதிவு செய்து வருகிறார்கள். கடலில் அந்த வருடம் தீனி இருந்ததா இல்லையா என்பதை அந்தக் கிராம் கணக்கு சொல்லிவிடும். எங்கள் குஞ்சு 268 கிராம். தொட்டியில் இருந்த பெரியவர் தலையை ஆட்டி, "நல்ல எடை" என்றார். எனக்கு அன்று முழுக்க அது போதுமாக இருந்தது.

இதே ஊர்க்காரர்கள் பஃபினைச் சாப்பிடவும் செய்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நீளக் கம்பில் கட்டிய வலையால் பறக்கிற பறவையைப் பிடிப்பது இங்கே பழைய வழக்கம். வீட்டுக்கார அம்மாவின் அப்பாவும் பிடித்தவர்தான். பறவை குறைந்தபின் வேட்டை நாட்களையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். முதலில் எனக்கு இது உறுத்தியது. ஆனால் அந்தப் பறவையை நம்பிப் பசியாறிய தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அதை ராத்திரி முழுக்கத் தேடுகிறார்கள். அவர்களுக்கு அது பொம்மை அல்ல, கூடவே வாழ்கிற உயிர் என்று எனக்குப் பட்டது.

அந்த அம்மாவுக்கு 1973-ல் ஏழு வயது. ஜனவரி 23, விடியற்காலை இரண்டு மணிக்குச் சற்று முன், ஊரின் கிழக்கு ஓரத்தில் தரை பிளந்து நெருப்பு எழுந்தது. முந்தைய நாள் புயலடித்ததால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றன. அதுதான் ஊரைக் காப்பாற்றியது. சுமார் 5,300 பேரில் பெரும்பாலோரை விடிவதற்குள் படகுகளே கரை சேர்த்துவிட்டன. அவர் கையில் இருந்தது பள்ளிப்பை மட்டும். எரிமலை ஜூலை மாதம்தான் அடங்கியது. சுமார் 400 வீடுகள் போயின. துறைமுக வாயை எரிகுழம்பு மூடப்பார்த்தது. மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி அதை இறுகவைத்தார்கள். மத்தியானம், அந்த நெருப்பில் உருவான எல்ட்ஃபெல் மலையில் ஏறினோம். சிவப்புச் சரளையைக் கொஞ்சம் தோண்டிக் கை வைத்தால் இன்னும் வெதுவெதுப்பு. உச்சியிலிருந்து, தன் வீடு எந்தக் கறுப்புப் பாறைக்கு அடியில் இருக்கிறது என்று அவர் விரல் நீட்டிக் காட்டினார்.

சாயங்காலம் மேற்குக் கரைப் பாறைக்குப் பெட்டியோடு போனோம். காற்று ஆளைத் தள்ளியது. மகள் குஞ்சை இரண்டு கையிலும் ஏந்தி, பேரன் சொல்லிக்கொடுத்தபடி கீழிருந்து மேலாக வீசினாள். ஒரு கணம் கல்லைப்போல் இறங்கியது. பிறகு சிறகுகள் படபடவென்று அடிக்க, அலைகளுக்கு மேலே தாழ்வாகப் போய்க்கொண்டே இருந்தது. புள்ளியாகித் தண்ணீரில் உட்காரும் வரை யாரும் பேசவில்லை.

வெறும் பெட்டியை எங்கள் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மகள் நின்றாள். வீட்டுக்கார அம்மா அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வாசல் கதவோரம் வைத்தார். இன்றைக்கு ராத்திரிக்கு வேண்டுமே என்றார்.