கைதட்டும் கூட்டமும் கல்லெறியும் கூட்டமும்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

2025 ஜனவரி 6

மார்வெல் என்னும் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனத்தின் அறுபதுகளைச் சேர்ந்த இதழ்களை மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தொடர் தொடராகப் படிக்காமல், ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்த இதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதென்று தீர்மானித்ததற்குக் காரணம், அந்தக் கதைகளில் வரும் பொதுமக்கள் சூப்பர் ஹீரோக்களைப் பற்றி என்னதான் நினைக்கிறார்கள் என்ற கேள்வி வெகுகாலமாக என்னை உறுத்திக்கொண்டிருந்ததுதான். எல்லாக் கதைகளும் ஒரே உலகில், பெரும்பாலும் ஒரே நியூயார்க் நகரில் நடக்கின்றன என்பது அந்த நிறுவனம் வாசகருக்குக் கொடுத்த வாக்கு. அப்படியானால் அந்த நகரத்து மனிதர் ஒருவர் காலையில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்னும் நால்வர் அணியைக் கண்டு ஆரவாரம் செய்துவிட்டு, மாலையில், பிறவியிலேயே சக்தி பெற்ற மியூட்டன்ட்களின் அணியான எக்ஸ்-மென் மீது கல்லெறிவதை எந்த மனநிலையில் செய்கிறார்?

இரண்டு அணிகளுமே வேறு விதமாகத்தான் தொடங்கின. 1961 நவம்பர் தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழில் தெருவில் நடக்கும், நால்வரில் விகார உடல் கொண்டவனான திங்கைக் கண்டு மக்கள் அலறி ஓடுகிறார்கள், போலீஸ் சுடுகிறது. இரண்டாம் இதழில் உருமாறும் வேற்றுலகவாசிகளான ஸ்க்ரல்கள் செய்த சதியால் நால்வரும் தேடப்படும் குற்றவாளிகளாகிறார்கள். மாறாக, 1963 செப்டம்பரின் எக்ஸ்-மென் முதல் இதழில் மேக்னீட்டோ என்னும் மியூட்டன்ட் வில்லன் கைப்பற்றிய கேப் சிட்டாடல் என்னும் ராணுவத் தளத்தை ஐந்து இளைஞர்கள் மீட்டுக் கொடுக்கிறார்கள். ராணுவ அதிகாரி மரியாதையோடு நன்றி சொல்லி அனுப்புகிறார். பயத்தில் தொடங்கியவர்கள் நட்சத்திரங்களானார்கள், பாராட்டில் தொடங்கியவர்கள் தீண்டத்தகாதவர்களானார்கள். 1964 நவம்பரில் வந்த எக்ஸ்-மென் எட்டாம் இதழிலேயே, ஒரு சிறுவனை அணியில் ஒருவனான பீஸ்ட் காப்பாற்ற, சுற்றி நின்ற கூட்டம் பீஸ்ட் ஒரு மியூட்டன்ட் என்று சொல்லி அவன்மீதே பாய்கிறது. மனம் கசந்து அவன் அணியை விட்டு விலகிப் போகிறான். அந்தப் பதினான்கு மாதங்களுக்குள் மக்கள் மனத்தைத் திருப்பிய நிகழ்ச்சி எதையும் இடைப்பட்ட இதழ்கள் காட்டவில்லை.

ஜனவரி 9

1965 இந்த விஷயத்தில் விசித்திரமான ஆண்டு. ஃபென்டாஸ்டிக் ஃபோர் மூன்றாம் ஆண்டுமலரில் அந்த அணியைச் சேர்ந்த ரீட் ரிச்சர்ட்ஸுக்கும் சூ ஸ்டார்முக்கும் திருமணம். ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கும் அந்தத் திருமணத்துக்கு எக்ஸ்-மென்னும் விருந்தினர்கள். அதே ஆண்டு மே மாத அவெஞ்சர்ஸ் பதினாறாம் இதழில், சில காலம் முன்புவரை மேக்னீட்டோவின் அணியில் இருந்த குயிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்சும் அவெஞ்சர்ஸில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். நாட்டின் மிக மதிப்புள்ள அணியில் இரண்டு மியூட்டன்ட்கள் இடம்பிடித்ததைப் பொதுமக்கள் பெரிய ஆட்சேபம் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் மியூட்டன்ட்களை வேட்டையாடவென்றே பொலிவர் ட்ராஸ்க் படைத்த சென்டினல்கள் என்னும் ராட்சத இயந்திரங்கள் எக்ஸ்-மென் பதினான்காம் இதழில் வந்து நிற்கின்றன. மூன்று கதைகளுக்கும் எழுத்தாளர் ஸ்டான் லீ ஒருவரே என்பதால், ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாமல் போயிற்று என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

ஜனவரி 13

இந்த முரண்பாட்டுக்கு ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது: ஃபென்டாஸ்டிக் ஃபோர் விபத்தில் சக்தி பெற்றவர்கள், ஆகவே அவர்கள் மனிதர்களே, மியூட்டன்ட்களோ பிறவியிலேயே வேறானவர்கள், நாளைக்கு நம் பிள்ளைகளின் இடத்தைப் பிடிக்கப் போகிறவர்கள். ட்ராஸ்க் மக்களிடம் கிளப்பும் அச்சமும் இதுதான்: மியூட்டன்ட்கள் பெருகினால் மனிதகுலம் அடிமையாகும் என்பது. இதை நான் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். சக்தியைக் கண்டு வரும் பயத்தைவிட வாரிசுரிமை பறிபோகும் என்ற பயம் ஆழமானது. தெருவில் போகும் ஒருவனுடைய சக்தி விபத்தில் வந்ததா, பிறவியில் வந்ததா என்று கூட்டத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் உண்டு: வெறுப்புக்கு எந்த நாளிலும் அத்தாட்சி தேவைப்பட்டதில்லை. ஸ்பைடர்மேனையே மியூட்டன்ட் என்று சந்தேகிக்கும் கதாபாத்திரங்கள் அந்த உலகில் இருக்கிறார்கள்.

விதிவிலக்குகளும் எனக்கு இடறலாகப் படவில்லை. எட்டாம் இதழில் துரத்தப்பட்ட அதே பீஸ்ட், எழுபதுகளின் நடுவில், இப்போது உடல் முழுக்க நீல உரோமத்தோடு, அவெஞ்சர்ஸில் சேர்ந்தபின் பெண்கள் மொய்க்கும் பிரபலமாகிவிடுகிறான். ஒரு சாதியாரையோ இனத்தாரையோ வெறுப்பவர்கள் அவர்களில் ஒருவரை மட்டும் தூக்கி வைத்துக் கொண்டாடி, அவரைச் சுட்டிக்காட்டியே தங்களுக்கு வெறுப்பில்லை என்று நிரூபித்துக்கொள்வது எல்லாச் சமூகங்களிலும் நடக்கிறது. பீஸ்டின் புகழ் அந்த வகையைச் சேர்ந்தது என்று ஒரு கதை நின்று நிதானமாகச் சொல்லியிருந்தால் அது மகத்தான கதையாக இருந்திருக்கும்; அவெஞ்சர்ஸ் இதழ்களோ அவனை வேடிக்கைக்காரனாக மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டன.

ஜனவரி 14

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. இப்படி நாமாக இட்டு நிரப்பும் காரணங்கள் ஒருபுறமிருக்க, உண்மையான காரணம் பதிப்பாசிரியரின் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு தொடருக்கும் அதனதன் கூட்டம் சொந்தம். 1975 முதல் 1991 வரை எக்ஸ்-மென்னை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட்டுக்கு மக்களின் வெறுப்புதான் கதையின் எரிபொருள். அதே ஆண்டுகளில் அவெஞ்சர்ஸை எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தனித்தனியாகப் படிக்கும் வாசகருக்கு இரண்டும் இசைவாகவே இருக்கும். இரண்டு தொடர்களும் ஒரு கிராஸ்ஓவரில் சந்திக்கும்போதுதான், ஒரே தெருவில் இரண்டு கூட்டங்கள் நிற்பது கண்ணில் படுகிறது.

ஜனவரி 19

ஸ்பைடர்மேன் கதைகளுக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு, காரணம் ஜே. ஜோனா ஜேம்சன். 1963 மார்ச் தேதியிட்ட முதல் இதழிலேயே, விண்கலத்தில் சிக்கிய தன் மகன் ஜானை ஸ்பைடர்மேன் காப்பாற்றிய பிறகும், அந்தக் கலத்தின் கோளாறுக்கே அவன்தான் காரணம் என்று தன் நாளிதழான டெய்லி பியூகிளில் எழுதுகிறார் அவர். நகரத்தின் வெறுப்பு முழுவதும் ஏறக்குறைய இந்த ஒரு மனிதரின் வழியாகவே பாய்கிறது. நகரவாசிகள் சிலர் பத்திரிகையை நம்புகிறார்கள், சிலர் நம்புவதில்லை, சிலர் நேற்று நம்பி இன்று மாறுகிறார்கள். 1964 மார்ச்சில் வந்த பத்தாம் இதழின் முடிவில் ஜேம்சன் தனியறையில் இருந்துகொண்டு, தன்னலம் கருதாத அந்த வீரத்தின் மீது தனக்குள்ளது பொறாமையே என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ளும் பக்கத்தை ஸ்டீவ் டிட்கோ வரைந்திருக்கும் விதம் அபாரமானது. வெறுப்புக்கு ஒரு பெயர், ஒரு தொழில், ஓர் உள்காரணம் என்று மூன்றும் கிடைத்துவிட்டபடியால், அது எத்தனை அநியாயமாக இருந்தாலும் நம்பும்படியாக இருக்கிறது. எக்ஸ்-மென் கதைகளில் கல்லெறியும் கூட்டத்துக்கோ முகமே கிடையாது.

ஜனவரி 22

மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி பக்கம் போனால் மக்களின் மனநிலை ஊருக்கு ஊர் பிரிக்கப்பட்டிருக்கிறது. மெட்ரோபோலிஸ் சூப்பர்மேனை வழிபடுகிறது; சென்ட்ரல் சிட்டி ஃப்ளாஷுக்காக ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறது; காதம் நகரத்தார் பேட்மேனைப் பற்றி முணுமுணுப்பாகவே பேசுகிறார்கள். தொடக்கத்தில் இவர்களில் இருவர் போலீஸால் தேடப்பட்டவர்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. சூப்பர்மேன் முப்பதுகளின் இறுதியில் சட்டத்தை மதிக்காத ஒரு சீர்திருத்தவாதி. பேட்மேனுக்கு 1941-இல்தான், தொடரின் ஏழாம் இதழில், போலீஸ் கமிஷனர் கோர்டன் கௌரவ போலீஸ் பதவி அளித்தார்.

மக்கள் ஹீரோக்களைக் கைவிட வேண்டிய தேவை வந்தபோது டிசி எடுத்த இரண்டு முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நாற்பதுகளின் ஜஸ்டிஸ் சொசைட்டி அணியின் கதைகள் 1951-இல் நின்றுபோனதற்கு விற்பனைச் சரிவு காரணமாக இருந்திருக்கும். ஆனால் கதைக்குள் அதற்கொரு காரணத்தை 1979-இல் பால் லெவிட்ஸ் எழுதினார்: அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவர்களை அழைத்து, விசுவாசத்தை நிரூபிக்க முகமூடியைக் கழற்றச் சொல்கிறது, அவர்கள் மறுத்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். அக்காலத்தின் கம்யூனிச எதிர்ப்பு விசாரணைகளை அறிந்த எவருக்கும், நேற்றுவரை போர் வீரர்களாகக் கொண்டாடப்பட்டவர்களிடம் நாடு இப்படிக் கேட்பதில் வியப்பு இருக்காது. வரலாற்றில் உண்மையில் இருந்த அச்சத்தை அந்தக் கதை எடுத்தாண்டது.

1986-இல் தொடங்கிய லெஜண்ட்ஸ் என்னும் குறுந்தொடர் எதிர்த்திசையில் போனது. அதில் டார்க்சைட் என்னும் வேற்றுலகக் கொடுங்கோலன் அனுப்பிய க்ளோரியஸ் காட்ஃப்ரே, தொலைக்காட்சிப் பேச்சாளனாக வேடமிட்டு, தன் குரலின் மாயத்தால் மக்களை ஹீரோக்களுக்கு எதிராகத் திருப்புகிறான். அப்போது நிஜத்திலும் அமெரிக்க அதிபர் பதவியில் இருந்த ரேகனே கதையில் தோன்றி, ஹீரோக்கள் செயல்படத் தடை விதிக்கிறார். இறுதியில் மந்திர சக்தி கொண்ட ஹீரோவான டாக்டர் ஃபேட்டின் தலைக்கவசத்தைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு காட்ஃப்ரே அறிவிழந்து விழ, கோபமும் கலைந்துவிடுகிறது. கதை விறுவிறுப்பானதுதான், ஆனாலும் எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. மாயக்குரல் என்று சொன்ன மாத்திரத்தில் மக்களுக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடுகிறது. தொலைக்காட்சியில் கத்துகிற ஒருவன் கூட்டத்தைத் திருப்ப வேற்றுலகச் சக்தி எதற்கு?

பிப்ரவரி 2

1988-இல் வந்த ஃபால் ஆஃப் தி மியூட்டன்ட்ஸ் கதையில், டல்லஸ் நகரில் எக்ஸ்-மென் உலகைக் காக்கத் தங்கள் உயிரையே கொடுக்கிறார்கள். செய்தியாளர்கள் அதை அங்கிருந்தே நாட்டு மக்களுக்கு நேரலையில் காட்டுகிறார்கள். தெய்வச் செயலால் அவர்கள் உயிர் மீண்டது உலகுக்குத் தெரியாது. ஆக, அமெரிக்க மக்கள் அறிந்தவரையில், தாங்கள் வெறுத்த ஓர் அணி தங்களுக்காகவே மடிந்ததைத் தங்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். இதற்குப் பிறகும் மியூட்டன்ட் வெறுப்பு பழைய அளவிலேயே தொடர்கிறது. டல்லஸைப் பார்த்த ஒருவர் மகனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ அதைப் பற்றி வாய் திறப்பதை நான் வாசித்த கதைகளில் காணவில்லை.

என்னுடைய மனத்தாங்கல் எதன்மீது என்பது இப்போது எனக்குத் தெளிவாகிறது. மக்கள் ஒருவரைக் கொண்டாடி மற்றவரை வெறுப்பதோ, நேற்று கொண்டாடியவரை இன்று ஏசுவதோ எனக்குப் பிரச்சினை இல்லை, மனிதர்கள் அப்படித்தான். பார்த்ததையெல்லாம் அடுத்த இதழுக்குள் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் தாங்கமுடியாதது. உண்மையான வெறுப்பாளன் டல்லஸை மறக்கமாட்டான். அதற்கொரு சூழ்ச்சிக் கதை கட்டுவான், அவர்களே வரவழைத்த ஆபத்து என்பான், படப்பிடிப்பு என்பான். வெறுப்பும் நினைவைக் கொண்டே வாழ்கிறது.

பிப்ரவரி 5

2006-இல் தொடங்கிய சிவில் வார். ஸ்டாம்ஃபர்டில் நியூ வாரியர்ஸ் என்ற இளைஞர் அணி வில்லன்களைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகத் துரத்தப் போக, நைட்ரோ என்பவன் வெடித்துச் சிதறி, பள்ளிக் குழந்தைகள் உட்பட அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். சூப்பர் சக்தி உள்ள எல்லாரும் அரசிடம் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த மிரியம் ஷார்ப் என்ற தாயை முன்னிறுத்தியதால் இதில் மக்களின் கோபத்துக்கு முகம் கிடைத்தது. ஏழாம் இதழில், வெற்றியின் விளிம்பில் நிற்கும் கேப்டன் அமெரிக்காவைச் சாதாரண மனிதர்கள் சேர்ந்து பிடித்துக் கீழே தள்ள, சுற்றியுள்ள சேதத்தை அப்போதுதான் கண்ணெடுத்துப் பார்த்து அவர் சரணடைகிறார். அந்தத் தொடரின் மற்ற குறைகளை இந்த ஒரு காட்சிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

பதிவுச் சட்டம் என்பது மியூட்டன்ட்களுக்கு எண்பதுகளிலிருந்தே பழகிய அச்சுறுத்தல். அன்று அவர்களுக்காக வாய் திறக்காத ஹீரோக்கள் தங்கள் தலைக்கு வந்தபோது சுதந்திரம் பற்றி முழங்கியதை எக்ஸ்-மென் விலகி நின்று பார்த்தது மிகப் பொருத்தம். அந்தக் கசப்பை இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம்.

இதைத் தொடர்ந்து 2008-இல் நார்மன் ஆஸ்போர்ன் ஸ்க்ரல் அரசியைச் சுட்டுக்கொன்று தேசநாயகனாகிறான். ஸ்பைடர்மேனின் எதிரியான கிரீன் காப்ளின் என்னும் கொலைகாரன் அவன்தான் என்பது ஊரறிந்த செய்தி. மக்கள் இப்படிக்கூட இருப்பார்களா என்று கேட்டவர்கள் அப்போது பலர். இருப்பார்கள், அந்தச் சுடுதலை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், அதற்கு முந்தைய கொலைகளைப் பார்க்கவில்லை. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் கதை காரணம் காட்டியிருக்கிறது, அதனால் நிற்கிறது.

பிப்ரவரி 9

கர்ட் பியூசிக் எழுத, அலெக்ஸ் ராஸ் வண்ணம் தீட்டி 1994-இல் வந்த மார்வெல்ஸ் என்னும் நான்கு இதழ்த் தொடரை இதற்காகவே கடைசியில் எடுத்தேன். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஃபில் ஷெல்டன் ஹீரோக்களைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்கிறார். இரண்டாம் இதழில் ரீட்-சூ திருமணத்தின் குதூகலமும் மியூட்டன்ட்களுக்கு எதிரான வெறியும் ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் வருகின்றன. நல்ல தகப்பன், மனசாட்சியுள்ளவர் என்று நாம் நம்பும் ஷெல்டன் கூட்டத்தோடு சேர்ந்து எக்ஸ்-மென் மீது கல்லெறிகிறார். பின்னர், தன் மகள்கள் வீட்டிலேயே ஒளித்து வைத்திருக்கும் உருக்குலைந்த மியூட்டன்ட் சிறுமியைக் கண்டுபிடிக்கும்போது அவருடைய வெறி உடைகிறது. மூன்றாம் இதழில், கலாக்டஸ் பூமியை விழுங்க வந்த நாளில் தெருவில் நடுங்கியவர்களே, ஆபத்து நீங்கியதும் எல்லாம் புரட்டு என்று பேசுவதைக் கேட்டு அவர் கொதிக்கிறார். முப்பது ஆண்டுகளாகக் கிழித்துப் போடப்பட்ட இரண்டு கூட்டங்களையும் பியூசிக் ஒரே மனிதருக்குள் தைத்துவிட்டார். பழைய இதழ்களில் ஒரு வரிகூட மாற்றாமல் இதைச் செய்தார் என்பதால், பழைய கதையைப் பின்னாளில் திருத்தும் ரெட்கான் என்று சொல்லி ஒதுக்கவும் முடியாது.

பிப்ரவரி 12

2019-இல் ஜொனாதன் ஹிக்மன் மியூட்டன்ட்களுக்கு க்ரகோவா என்ற தீவு நாட்டைக் கொடுத்தபோது மக்களின் மனநிலை முதன்முறையாக ஒப்பந்த வடிவம் பெற்றது. மனித ஆயுளை ஐந்து ஆண்டு கூட்டும் மருந்து, எல்லா நோய்க்கிருமிக்கும் ஒரு மருந்து, மனநோய்களுக்கு ஒரு மருந்து. தங்கள் நாட்டை அங்கீகரிக்கும் அரசுகளுக்கு மட்டும் இவை கிடைக்கும். 2023-இல் ஆர்கிஸ் என்னும் மியூட்டன்ட் எதிர்ப்பு அமைப்பு அந்த மருந்துகளில் நஞ்சு கலந்து பழியை மியூட்டன்ட்கள் மீது போட்டதால், வெறுப்பு திரும்பியதற்கு இம்முறை காரணமும் இருந்தது. 2024-இல் அந்தக் கட்டம் முடிந்து, எக்ஸ்-மென் பழையபடி சந்தேகத்துக்குரியவர்களாகத் தொடர்கிறார்கள். நஞ்சு கலப்பதற்கு முன்பு அந்த மருந்தை உட்கொண்டு கூடுதல் ஆயுளை வாங்கிக்கொண்ட கோடிக்கணக்கானவர்கள் அந்த உலகில் இன்னும் நடமாடிக்கொண்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவர், எக்ஸ்-மென்னை விரட்டும் ஊர்வலத்தில் பதாகை பிடித்தபடி, தன் மருந்துக் குப்பியைப் பற்றிக் கேட்கும் மகளுக்கு என்ன சமாதானம் சொல்லுவார் என்பதை யாராவது ஒரு முழு இதழாக எழுதவேண்டும். அது வந்தால் இந்த நாட்குறிப்பில் அதற்கும் ஒரு தேதி உண்டு.