ஸ்டிக்கரில் தொடங்கும் பாடம்

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் இணையப் பாதுகாப்புக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஃபிஷிங், ஃபயர்வால், குக்கீ என்று எதைக் கேட்டாலும் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். ஆனால் அவர்கள் புழங்கும் இணையம் அந்தப் பக்கங்களில் இல்லை. அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், பெரும்பாலும் அம்மாவின் போனில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிறது.

அதனால் நான் ஸ்டிக்கரில் தொடங்குவேன். வகுப்பில் தூங்கி வழிபவனை, வாய் நிறையச் சோற்றோடு இருப்பவளைப் படமெடுத்து, சினிமா வசனம் ஒட்டிக் குழுவில் போடுவது எங்கள் பள்ளியில் அன்றாட விளையாட்டு. "படத்தில் இருப்பவரிடம் கேட்டீர்களா?" என்றால் பையன்கள் சிரிப்பார்கள். பெண் பிள்ளைகள் பலர் சிரிப்பதில்லை. "குரூப்ல டெலிட் பண்ணாலும் யார் யார் சேவ் பண்ணி வச்சிருக்காங்கன்னு எப்படி மிஸ் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றைய வகுப்பு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியேதான் போனது. நான் தயாரித்து வந்த எதையும்விட அது ஆழமாகப் போனது.

பணமோசடியைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகப்போகிறது. ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது, விளையாட்டில் டைமண்ட் தருகிறேன் என்பவனுக்கும் சேர்த்து. இதை ஒருமுறை சொன்னால் போதும், வீட்டில் தாத்தா பாட்டிக்கும் அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

கடினமானது இன்னொன்று. முகம் தெரியாத ஒருவரிடம் பேசிப் பழகி, ஒரு படம் அனுப்பி, பிறகு "உன் கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டப்படும் பிள்ளையைப் பற்றியது. அந்த மிரட்டலுக்கு எங்கிருந்து வலு வருகிறது என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்வேன். கூடப் படிக்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், ஃபார்வேர்டு செய்வார்கள், சிரிப்பார்கள் என்ற பயத்திலிருந்துதான். வந்த படத்தை யாரும் நகர்த்தாத வகுப்பில் அந்த மிரட்டல் பாதி செத்துவிடும். நாகரிகத்தை ஒரு வகுப்பிலும் பாதுகாப்பை இன்னொரு வகுப்பிலும் பிரித்து நடத்த எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான். நண்பனின் ஸ்டிக்கரைக் கேட்காமல் போடாதே என்பதும், யாரோ ஒரு பெண்ணின் படம் வந்தால் உன் போனோடு நிற்கட்டும் என்பதும் ஒரே பழக்கம்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பயமுறுத்துவதோடு நிறுத்தினால் பாதிக்கப்பட்ட பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். எனவே வழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிரட்டியவனைப் பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவை. பணம் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடி கேட்பான். குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, இணையக் குற்ற உதவி எண் 1930க்கோ கூப்பிடு. தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகும், அது மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போகும், அதை வைத்து அவர்கள் படத்தைத் தேடி நீக்குவார்கள். இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது. பலர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிள்ளைகூட வீட்டில் சொல்லத் தயங்குகிறது. சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், பெண் பிள்ளையாக இருந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பிள்ளை வந்து சொன்னால் முதலில் திட்டாதீர்கள், போனில் எதையும் அழிக்காதீர்கள். போன கூட்டத்தில் ஓர் அம்மா, "வாட்ஸ்அப்புக்குப் பின் நம்பர் போடறதை எனக்கும் சொல்லிக் குடுங்க மிஸ்" என்று போனை நீட்டினார். அவரைச் சுற்றி நாலைந்து அம்மாக்கள் உட்கார, இரண்டு படி சரிபார்ப்பை அங்கேயே போட்டுக்கொடுத்தோம். அடுத்த கூட்டத்தில் அப்பாக்களையும் வரச்சொல்லியிருக்கிறேன்.