சும்மா கிடைக்காத பாதி

எளிய பொறிகள் பாடத்தை எங்கள் விஞ்ஞான ஆசிரியர் பொறிகளின் பெயரைச் சொல்லித் தொடங்கவில்லை. ஒரு கிலோ மணலைப் பையில் கட்டி நிலத்தில் வைத்தார். "கை படாமல் இதை மேசையில் ஏற்றுங்கள்" என்றார், அவ்வளவுதான். பெட்டியில் கயிறு, வெறும் நூற்கட்டைகள், அடிமட்டம், பலகைத் துண்டுகள், இழுக்கும் விசையை நியூட்டனில் காட்டும் ஒரு விற்றராசு. செய்யத் தொடங்குமுன் படம் வரைந்து, விசை எங்கே கொடுபடுகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று அம்புக்குறி போட வேண்டும். அந்த அம்புக்குறி வேலை எங்களுக்குப் பெரிய எரிச்சல்.

எங்கள் குழு ஒரு நூற்கட்டையை மேலே கட்டி, கயிற்றை அதன் மேலால் விட்டு இழுத்தது. பையின் நிறை ஏறக்குறைய 10 நியூட்டன். விற்றராசோ பத்தையும் தாண்டிக் காட்டியது. "இதுக்கு நேரே தூக்கியிருக்கலாமே சேர்!" என்றான் நண்பன். "மேல்நோக்கி இழுப்பது லேசா, கீழ்நோக்கி இழுப்பது லேசா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த குழுவிடம் போய்விட்டார். கீழ்நோக்கி இழுத்தால் உடம்புப் பாரமும் சேர்ந்து வேலை செய்யும். இப்படி ஓரிடத்தில் கட்டிய நூற்கட்டைதான் நிலைத்த கப்பி. அதன் முழுப் பயனும் அதுதான்.

பிறகு நூற்கட்டையைப் பையோடு சேர்த்துத் தொங்கவிட்டு, கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டினோம். அளவு ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நின்றது. புத்தகக் கணக்குப்படி ஐந்து வர வேண்டும். மிச்சம் உராய்வுக்கும் நூற்கட்டையின் சொந்த நிறைக்கும் போனது என்று கண்டுபிடிக்கவே அந்தப் பாடவேளை முடிந்துவிட்டது. அப்புறம் கயிற்றை அளக்கச் சொன்னார். பை 30 சென்ரிமீற்றர் ஏற, 60 சென்ரிமீற்றர் கயிறு கைக்கு வந்திருந்தது. பாதி விசைக்கு இரட்டைத் தூரம். பொறிமுறை நயம், அதாவது கொடுத்த விசையைப்போல எத்தனை மடங்கு சுமையைப் பொறி தூக்குகிறது, என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினார். எனக்கு அந்த ஒழுங்குதான் சரியென்று படுகிறது.

நெம்புக்கு எங்கள் முழங்கையையே காட்டினார். தசை எலும்பைப் பிடிப்பது முழங்கை மூட்டிலிருந்து நாலைந்து சென்ரிமீற்றரில். சுமையோ உள்ளங்கையில், அதைப்போல ஏழெட்டு மடங்கு தூரத்தில். ஆகவே ஒரு கிலோவைத் தூக்கத் தசை அதைப்போலப் பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். நட்டமான ஏற்பாடு என்று வாதாடினோம். தசை கொஞ்சம் சுருங்கினாலே கை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று பந்து எறிந்து பார்க்கச் சொன்னார்.

திருகும் சாய்தளமும் விரைவில் முடிந்தன. முக்கோணமாக வெட்டிய தாளின் சரிவு ஒரு சாய்தளம். அதையே பென்சிலில் சுற்றினால் திருகு. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹெரோன் என்ற கிரேக்கப் பொறியியலறிஞர் சொன்ன ஐந்து எளிய பொறிகளில் திருகு உண்டு, சாய்தளம் இல்லை என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

கடைசியாக, விரும்பியதைச் செய்யலாம் என்றார். கதவைத் தானாக மூட ஒரு குழு கயிறும் கப்பியும் மணல்பையும் பூட்டியது. கதவு இடிபோல அடித்துச் சாத்தியது. பையைச் சிறிதாக்கினார்கள், கதவு அசையவேயில்லை. பெரிய பையையே மறுபடி கட்டி, கயிற்றை ஒரு கம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டபோது கதவு பதமாக வந்து மூடியது. இன்னொரு சுற்றுப் போட்டதும் பாதியில் நின்றுவிட்டது. சுற்றுக் கூடக் கூட உராய்வு மடங்கு மடங்காக ஏறும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் கப்பியில் திருடனாக இருந்த உராய்வு அங்கே வேலைக்காரனாகிவிட்டது!

பழைய மாணவர் சங்கம் எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞான உபகரணங்கள் அனுப்பும் யோசனையில் இருப்பதாக அறிகிறேன். பூட்டினால் உடனே ஓடும் ஆயத்தப் பெட்டிகள் வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல விற்றராசுகள், பல அளவில் கப்பிகள், நிறையக் கயிறு, இவை போதும். மணலை அவர்களே அள்ளிக்கொள்வார்கள்.