மிதந்து வந்த மூன்று கிண்ணங்கள்

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் குடியிருந்துவிட்டுப் போனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் சொன்னார்கள். திருநெல்வேலி சிந்துபூந்துறையில் நான் சாமான் போட்டு வைத்திருந்த வாடகை அறையில் இடுப்பளவு தண்ணீர். அவரவர் அரிசி மூட்டை, ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இருபத்தாறு வருடமாகச் சேர்த்த மேஜிக் சாமான்களைச் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தார்.

"எதை எதையோ மறைய வைக்கீய, இந்தத் தண்ணிய மறைய வைக்கக் கூடாதா?"

பதில் இல்லை. ஆனால் அந்த மாடியில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடத்தில் எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லாத தரக் கணக்கை ஆறு ஒரே ராத்திரியில் போட்டுக் கொடுத்திருந்தது.

முதலில் அழிந்தது நான் அதிக விலை கொடுத்து வாங்கிய சாமான்தான். சிவப்பும் தங்க நிறமுமாக டிராகன் படம் போட்ட பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டுத் துணிகளும் பூக்களுமாக எடுக்கிற ஐட்டம். 6,800 ரூபாய். பார்க்க மரம் மாதிரி இருந்தாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஊதி, மூலைகள் விரிந்து, டிராகன் வயிறு வெடித்துக் கிடந்தது. அமெரிக்கச் சீட்டுக்கட்டுகள் பதினான்கும் செங்கல் செங்கலாக ஒட்டிப்போயின. அதைக் குறை சொல்ல முடியாது, காகிதம் காகிதம்தான்.

வளையங்கள் இரண்டு செட் இருந்தன. அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தனித்தனி வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலியாகி, மறுபடி பிரியும். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வழக்கமான செட் என்றால் எட்டு. முதல் செட்டை 1997-ல் வடக்கே ஒரு கடையிலிருந்து வி.பி.பி.யில், அதாவது பார்சல் வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டி எடுக்கிற முறையில், வரவழைத்தேன், 380 ரூபாய். அப்போது சாமான் வாங்குவதே அப்படித்தான். நாலு பக்க விலைப்பட்டியல் தபாலில் வரும். அதில் 'அதிசயம்', 'மக்கள் அசந்துபோவார்கள்' என்று எழுதியிருக்குமே தவிர என்ன உலோகம், என்ன அளவு, என்ன கனம் என்று ஒரு வரி இருக்காது. பணம் கட்டி பார்சலைப் பிரித்தால்தான் தெரியும். வந்தவை இரும்பு வளையங்கள், மேலே பளபளவென்று முலாம். நல்ல வளையம் தட்டினால் கோயில் மணி மாதிரி கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும். இது தகர டப்பாவைத் தட்டின மாதிரி 'டொக்' என்றது. கையில் நாலைந்து மாதம் வேர்வை பட்டதும் முலாம் செதில் செதிலாக உரிந்தது.

நாங்குநேரிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடை விழா. வில்லுப்பாட்டுக்காரர்கள் இளைப்பாறுகிற இடைவெளியில் எனக்கு முக்கால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள். கோத்த இரண்டு வளையங்கள் பிரிய மாட்டேன் என்றன. உரிந்த முலாமின் ஓரம் எங்கேயோ மாட்டிக்கொண்டது. எங்கே என்று நான் சொல்ல மாட்டேன், தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். மந்திரம் சொன்னேன், ஊதினேன், இழுத்தேன். கூட்டத்திலிருந்து ஒருவர், "ஏ, கொஞ்சம் தேங்காண்ணெய் குடுங்கப்பா அவருக்கு!" என்றார். ஊரே சிரித்தது. சுள்ளென்று கை கிழிந்து ரத்தம் வந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த நாளில் அதுதான் நான் மறைத்த ஒரே விஷயம்.

இரண்டாவது செட்டைக் கடையில் வாங்கவில்லை. பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில், எட்டு மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியை உள்விட்டம் பத்து அங்குலத்துக்கு வளைத்து, ஆர்கான் வெல்டிங் வைத்து, இணைப்பு கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாதபடி பஃபிங் போட்டு வாங்கினேன். எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய் ஆனது. வெள்ளச் சேற்றிலிருந்து எடுத்துச் சபீனா போட்டுக் கழுவினேன், அவ்வளவுதான். இன்றும் அதே ரீங்காரம்.

இதை வைத்து உள்ளூரில் செய்வதெல்லாம் உசத்தி, கடைச் சரக்கெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குக்கர் மாதிரி லட்சக்கணக்கில் விற்கிற பொருள் இல்லை இது. நூறு செய்தால் விற்க மூன்று வருடம் ஆகும். அப்புறம், இந்தத் தொழிலில் காசு பொருளுக்கு மட்டும் இல்லை, அதற்குள் இருக்கிற யோசனைக்கும் சேர்த்துத்தான். ராபர்ட் ஹார்பின் என்ற மேஜிக் கலைஞர் 1965-ல் ஒரு பெட்டி கண்டுபிடித்தார். உள்ளே நிற்கிற பெண்ணின் நடு உடம்பு மட்டும் பக்கவாட்டில் தனியாக நகர்ந்து போகும். அதைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் திருட்டுப் பெட்டி செய்தார்கள். 1970-ல் அவர் 500 பிரதிகள் மட்டும் அச்சிட்டு ஒரு புத்தகம் போட்டார். அதை வாங்கினவருக்கு அந்தப் பெட்டியைச் செய்துகொள்ளும் உரிமையும் உண்டு. புத்தக விலைக்குள் யோசனையின் கூலியும் அடங்கிவிட்டது. நம் நாட்டில் கிடைக்கிற மலிவு ஐட்டங்களில் நிறைய, யாரோ யோசித்ததை யாரோ நகல் எடுத்தவை. நகல் எடுத்தவருக்கு வெளி உருவம் தெரியும். எந்த இடம் ஒரு நூல் அளவு கூடக் குறையக் கூடாது என்பது தெரியாது. நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒரு நூல்தான்.

இன்னொரு தொல்லை, திருப்பிக் கொடுக்க முடியாது. சேலை என்றால் 'கலர் பிடிக்கலை' என்று மாற்றலாம். இங்கே பார்சலைப் பிரித்ததும் ரகசியம் தெரிந்துவிடுகிறது. "பாத்தாச்சுல்லா, இனி எப்படி?" என்பார் கடைக்காரர். அவர் சொல்வதும் சரி, நான் ஏமாந்ததும் சரி. சுங்க வரிப் பட்டியலில் எங்கள் சாமானுக்கு 9505 என்ற தலைப்பு. பண்டிகைத் தோரணங்களோடும் கேலிப் பொருள்களோடும் சேர்த்துத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். வேறு யார் தரம் பார்க்கப் போகிறார்கள்?

சரி, வெள்ளம் வடிந்த அறைக்கு வருவோம்.

சேற்றுக்கு மேலே, அலமாரித் தட்டில் ஒதுங்கியபடி, மூன்று மரக் கிண்ணங்கள் கிடந்தன. மற்றதெல்லாம் முழுக, இவை மிதந்திருக்கின்றன. அம்பாசமுத்திரத்தில், எங்கள் வாயில் அம்பையில், கடைசல் பிடித்தவை.

குழந்தைகள் விளையாடுகிற சொப்புச் சாமானுக்கு அம்பை பேர்போன ஊர் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் செய்கிற வேலையின் பழைய பெயர் செப்படி வித்தை, அகராதியில் செப்பிடு வித்தை. செப்பு என்றால் சின்னக் கிண்ணம், சிமிழ். கவிழ்த்த செப்புக்கு அடியில் பந்து வரும், போகும். அந்தச் செப்புதான் நம் வாயில் சொப்பு. பத்து வருடம் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி அம்பையில் அந்தப் பெயருள்ள பொருளையே செய்கிறார்கள் என்று ஏன் தோன்றவில்லை? வெட்கமாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டில் தாமிரத் தகட்டில் செய்த மூன்று கிண்ணம் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறது. அதன் படத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசல்காரர் என்னை 'அண்ணாச்சி' என்பார், நானும் அவரை 'அண்ணாச்சி' என்பேன். எங்களில் யார் மூத்தவர் என்று இன்றுவரை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நம் நாட்டுக் கிண்ணத்துக்கு மேலே ஒரு குமிழ் உண்டு, இரண்டு விரலிடுக்கில் பிடித்துத் தூக்க. அதன் கழுத்து என் விரலுக்கு ஒத்துவர வேண்டும் என்று சொன்னேன். அவர் அளவு நாடா எடுக்கவில்லை. என் வலது கையைப் பிடித்து இரண்டு விரலையும் அழுத்திப் பார்த்தார், அவ்வளவுதான். மோட்டார் சுழன்றது. உளி பட்ட இடத்தில் மரம் சுருள் சுருளாக வந்து அவர் மடியில் விழுந்தது. பிறகு அரக்குக் குச்சியைச் சுழல்கிற மரத்தில் ஒட்ட வைத்தார். அந்தச் சூட்டில் அரக்கு உருகி, ஈர்க்கு மாதிரி ஒரு சிவப்புக் கோடு தோன்றி, பட்டையாகி, முழுக் கிண்ணமும் சிவந்தது. தாழை மடலால் அழுத்தித் தேய்த்ததும் முகம் தெரிகிற பளபளப்பு.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். கடைசிக் கிண்ணம் கால்வாசி இறங்கி நின்றது.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கே அண்ணாச்சி."

"இப்ப வெயில்லா? ஐப்பசில மரம் ஊதும். அப்ப சுத்தமா எறங்காது." சொல்லிவிட்டு அதைத் தூக்கி ஓரமாகப் போட்டார். "இது உங்களுக்கு வேண்டாம். வேற செய்யுதேன்."

நான் கேட்காமலே தன் சரக்கைக் கழித்துப் போட்ட ஒரே வியாபாரி அவர்தான். மூன்று கிண்ணத்துக்கு 900 ரூபாய் வாங்கினார். அது 2009. வெள்ளத்துக்குப் பிறகு அரக்கு அங்கங்கே வெளிறியிருந்தது. நிழலில் இரண்டு வாரம் காய்ந்ததும் பழையபடி அடுக்க முடிந்தது.

பித்தளைச் செம்பு ஒன்றும் தப்பியது. பேர்போன மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் தம் நிகழ்ச்சிகளில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக் காலி செய்வார், கொஞ்ச நேரம் கழித்து அதிலிருந்தே மறுபடி தண்ணீர் கொட்டும். 'இந்தியாவின் தண்ணீர்' என்று அதற்குப் பெயர். கடையில் இதற்கு விற்பது பூ வேலை செய்த பளபளப்பான ஜாடி. நான் நெல்லை டவுனில் பாத்திரம் பற்றவைக்கிற ஒருவரிடம் கொடுத்து எங்கள் வீட்டுச் செம்பிலேயே வேலை செய்து வாங்கினேன். ஜாடியைக் காட்டினால் பிள்ளைகள், 'அதுக்குள்ள ஏதோ இருக்கு' என்று கத்துவார்கள். செம்பைக் கண்டு யாரும் கத்தியதில்லை. ஒரு கொடையில் பாட்டி ஒருத்தி மேடைக்கு வந்து வாங்கித் தடவிப் பார்த்து, "எங்க வீட்டுச் செம்பு மாதிரில்லா இருக்கு" என்று திருப்பித் தந்தார். டிராகன் பெட்டிக்கு அந்தச் சான்றிதழ் ஒருநாளும் கிடைக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் சீன டிராகனுக்கு என்ன வேலை என்று அதை வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

சிக்கனம் பார்க்கவே கூடாத இடமும் உண்டு, நெருப்பு. பட்டென்று எரிந்து சாம்பல் இல்லாமல் போகும் காகிதத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, வெயிலில் நின்ற வேனில் வைத்து, என்னோடு தொழில் செய்த ஒருவர் புருவத்தை இழந்தார். அதற்கப்புறம் பள்ளிக்கூட நிகழ்ச்சிகளில் நெருப்பையே விட்டுவிட்டேன். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஐயாயிரம் கிடைத்தால் அதில் வண்டி வாடகை, உதவியாளர் சம்பளம் போக மிஞ்சுவது கையளவு. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்தக் கையளவுக்காகப் பயந்துகொண்டு நிற்க முடியாது.

போன தைப்பூசத்துக்கு மறுநாள் புதுச் செட்டுக்குச் சொல்லிவைக்க அம்பைக்குப் போயிருந்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கிண்ணங்கள் எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை. சொப்பு செய்கிறவருக்கு எதற்குத் தெரியப் போகிறது என்று நானும் இருந்துவிட்டேன். பட்டறை வாசலில் பேத்தியை உட்கார வைத்திருந்தார். முன்னால் கவிழ்த்த மூன்று கிண்ணங்கள். ஒன்றின் அரக்கு மங்கிப்போயிருந்தது, ஓரத்தில் அன்றைக்கு விட்ட உளித்தடம். ஓரமாகத் தூக்கிப் போட்டாரே, அதேதான்.

என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"நீங்க செய்யுங்க அண்ணாச்சி, நான் பாக்கலை" என்று திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் பிள்ளை வீறிட்டுச் சிரித்தது.