16 அங்குலச் சந்து

18.8.2025

இன்று ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி. 64 பெட்டை, 2 கிடா. எல்லாம் ராமநாதபுரம் வெள்ளை இனச் செம்மறி. கால்நடை மருந்தகத்திலிருந்து காலை 7 மணிக்கே வந்துவிட்டார்கள். இந்த மருந்தைக் கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து 2 மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். எங்களால் முடியவில்லை.

படலை நகர்த்தி ஆடுகளை ஒரு மூலையில் நெருக்கினோம். ஆடு மேய்க்கும் கீதாரி அண்ணனும் அவர் மகனும் பாய்ந்து பாய்ந்து பின்னங்காலைப் பிடித்து இழுத்தார்கள். 40 ஆடு தாண்டியதும் அவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆடுகளும் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நேரம் முடிந்தபோது 19 ஆடு பாக்கி. இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

சாயங்காலம் காதில் கருப்புப் புள்ளி உள்ள சினை ஆடு குறைமாதத்திலேயே குட்டியை வீசிவிட்டது. நாலு மாதச் சினை. மூலையில் நசுங்கியதுதான் என்று நினைக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.

“ஆச்சி, இனிமேல் இப்படிப் பிடிக்கக் கூடாது. வேற வழி பாருங்க” என்றார் அண்ணன். 35 வருசம் ஊர் ஊராகப் போய் வயலில் ஆட்டை அடைத்துக் கிடை போட்டவர். இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

20.8.2025

இரண்டு நாளாக ஃபோனில் வெளிநாட்டுப் பண்ணை வீடியோக்கள். ஆட்டை அப்படியே மல்லாக்கத் திருப்பிக் குளம்பு வெட்டும் கூண்டு ஒன்று. அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. விசாரித்ததில் ஒன்றே கால் லட்சம் என்றார்கள்.

அப்பச்சி ஒரே கேள்விதான் கேட்டார்: “வருசத்துக்கு எத்தனை தரம் ஆட்டைத் திருப்புவ?”

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கண் இமையை விலக்கி ரத்தசோகை பார்ப்பது, எடை, சினை ஆட்டைப் பிரிப்பது, காதில் அடையாளத் தோடு போடுவது. எல்லாமே ஆடு நின்றபடி நடக்கிற வேலை. அந்தக் கூண்டு 70, 80 கிலோ கம்பளி ஆட்டுக்குச் செய்தது. நம் பெட்டை ஆடு 23 கிலோ அளவில்தான் இருக்கும். அண்ணன் முழங்காலுக்கு இடையில் உட்காரவைத்தே குளம்பு சீவிவிடுவார். கூண்டு ஆசையை விட்டுவிட்டேன். எங்களுக்கு வேண்டியது ஆடு ஒன்றன்பின் ஒன்றாகப் போய் நிற்க ஒரு சந்து, அதன் முடிவில் இரண்டு பக்கமும் திரும்பும் ஒரு கதவு. அவ்வளவுதான்.

24.8.2025

அளவுதான் எல்லாமே. வெளிநாட்டு அளவு ஒன்றரை அடிக்கு மேல். அந்த அகலத்தில் நம் ஆடு சுலபமாகத் திரும்பி நின்றுகொள்ளும். பின்னால் வருவதும் மிரளும். அதனால் உள்ளதிலேயே பெரிய வயிறு உள்ள சினை ஆட்டை நிறுத்தி இரண்டு பக்கமும் குச்சி வைத்து அளந்தோம். 13 அங்குலம். மேலே 16, கீழே 10 என்று வைத்தோம். வயிற்றுக்கு இடம் இருக்கும், காலுக்குத் திரும்ப இடம் இருக்காது. உயரம் 3 அடி.

பக்கங்களைத் தகரத்தால் மூடச் சொன்னேன். செம்மறிக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய முதுகுக்குப் பின்னால் வரை தெரியும். வெளியே ஆள் நடந்தாலே நின்றுவிடும். ஆனால் முடிவில் உள்ள கதவு மட்டும் கம்பிதான். முன்னால் போன ஆடு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்தது கால் வைக்கும்.

29.8.2025

காரைக்குடியில் பட்டறை. ஒரு அங்குலச் சதுரக் குழாய். 6 அடித் துண்டுகளாகச் செய்து கம்பி செருகி இணைக்கிறோம், வயலில் கிடை போடும்போது தூக்கிப் போக வேண்டுமே. உள்பக்கம் வெல்டிங் பிசிறு இருந்தது. விரலால் தடவித் தடவிக் காட்டி ராவச் சொன்னேன். சினை ஆட்டின் வயிறு உரசுகிற இடம் அது.

5.9.2025

முதல் சோதனை. ஒரு ஆடுகூடப் போகவில்லை.

மழைக்கு ஒதுங்கட்டுமே என்று பழைய வண்டிக்கொட்டகைக்குள் வைத்திருந்தேன். தரை வழவழவென்று இருந்ததால் முதல் ஆடு வழுக்கி விழுந்தது. அதைப் பார்த்த மற்றவை வரவே மாட்டேன் என்றன. அண்ணன் சத்தம் போடவில்லை. சந்தின் வாயில் குத்தவைத்து, ஆட்டின் கண் உயரத்தில் தலையைத் தாழ்த்தி உள்ளே பார்த்தார். “ஆச்சி, வந்து பாருங்க. கிணத்துக்குள்ள போற மாதிரி இருக்கு.” நானும் குனிந்து பார்த்தேன். வெளியே வெயில், உள்ளே ஒரே இருட்டு.

வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தோம். அங்கே கிளை நிழல் தரையில் கோடு கோடாக விழுந்தது, அதையும் தாண்டவில்லை. கடைசியில் கண்மாய்க் கரைப்பக்கம், லேசாக மேடேறும் வெட்டவெளியில், வடக்குப் பார்த்து வைத்தோம். கண்ணில் வெயில் இல்லை. காலுக்குச் செம்மண் சரளை.

8.9.2025

மூன்று நாளாக இரண்டு வாயையும் திறந்தே வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் கருவேல நெற்று கொட்டி வைக்கிறோம். கிடா முதலில் போனது. மேய்ச்சல் முடிந்து வரும்போது இப்போது தானாகவே நுழைகின்றன.

12.9.2025

பாக்கி 19 ஆட்டுக்கும் ஊசி முடிந்தது. 25 நிமிடம். ஒரு ஆட்டின் காலையும் யாரும் இழுக்கவில்லை.

அண்ணன் எனக்குக் காட்டித் தந்தது இது: சந்துக்கு வெளியே, தகரத்துக்கு மேலே நாம் தெரியும்படி, ஆட்டின் தோளுக்குப் பின்னால் வந்தால் அது முன்னே நடக்கிறது, தோளைத் தாண்டி முன்னால் போய் நின்றால் பின்வாங்குகிறது. கம்பு வேண்டாம். நாம் நிற்கிற இடம்தான் கம்பு.

அப்படியே தொங்கு தராசில் தார்ப்பாய்த் தொட்டில் கட்டி எடையும் பார்த்தோம். நான் 22 கிலோ என்று நினைத்திருந்த ஒரு ஆடு 27 இருந்தது. இத்தனை நாளாக அதற்குக் குடற்புழு மருந்து குறைவாகத்தான் போயிருக்கிறது. குறைத்துக் கொடுத்தால் சாகாத புழு மருந்துக்குப் பழகிவிடும். இனி எடை பார்க்காமல் மருந்து இல்லை.

19.9.2025

ஐப்பசி மழைக்கு முன், குளம்பு அழுகாமல் இருக்க ஆட்டின் காலை மருந்தில் நனைக்கும் குளம்புத் தொட்டி வாங்க வேண்டும். சந்துக்குள் பொருந்துகிற தகரத் தட்டு, உள்ளே 3 அங்குலம் மருந்து. கடைக்காரர் மயில்துத்தம் எடுத்துத் தந்தார். வேண்டாம் என்றேன். அது தாமிர சல்பேட், செம்மறி தெரியாமல் குடித்துவிட்டால் தாமிரம் ஈரலில் சேர்ந்து கொன்றுவிடக்கூடும். நெல்லுக்குப் போடும் துத்தநாக சல்பேட் வாங்கிவந்தேன். லிட்டருக்கு 100 கிராம். அதையும் குடிக்க விடக் கூடாது, முதலில் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தட்டில் இறக்க வேண்டும்.

குட்டியை வீசிய ஆடு மறுபடி மேய ஆரம்பித்திருக்கிறது. இன்று 21 கிலோ 400.